எண்ணும் வண்ணமும்

இணையத்தில் புடவை விற்போர் படத்தின் அடியில் சிற்றெழுத்தில் ஒரு குறிப்பைச் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. திரையில் காணும் நிறத்திற்கும் துணியின் நிறத்திற்கும் சிறிது வேறுபாடு இருக்கலாம் என்பது அக்குறிப்பின் கருத்து. மாம்பழ மஞ்சள் என்று கண்டு வாங்கிய சேலை எலுமிச்சை மஞ்சளாக வந்து சேர்ந்தால், வணிகர் அக்குறிப்பைச் சுட்டிக்காட்டி ஒதுங்கிக்கொள்வார். அவர் ஏமாற்றிவிட்டார் என்று எப்போதும் சொல்லிவிட முடியாது. படத்தை எடுத்த காமிரா ஒன்று. அதைத் திருத்திய கணிப்பொறி மற்றொன்று. வாங்குவோர் கையிலுள்ள தொலைபேசி வேறொன்று. மூன்றும் ஒரே எண்களைத்தான் பரிமாறிக்கொள்கின்றன. ஆயினும், மூன்றும் ஒரே நிறத்தைக் காட்டுவதில்லை. இது ஏன் என்று ஆராயப் புகுந்தால், நூற்றறுபது ஆண்டு வரலாற்றுக்குள் நாம் செல்ல வேண்டியிருக்கும்.

எண்ணியல் நிழற்படத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பவை எண்களே. படம் சிறு சிறு புள்ளிகளாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றின் அளவும் 0 முதல் 255 வரையுள்ள எண்களால் குறிக்கப்படுகின்றன. இவ்வாறு குறிக்கத்தக்க நிறக்கலவைகள் 1,67,77,216. இத்தனை இருந்தும் ஒரு குறை உண்டு. எவ்வளவு சிவப்பு என்று எண் சொல்கின்றதேயொழிய, எந்தச் சிவப்பு என்று அது சொல்வதில்லை. நம் நாட்டில் ஊருக்கு ஊர் படியின் கொள்ளளவு வேறாக இருந்த காலம் ஒன்று உண்டு. அக்காலத்தில் 'மூன்று படி நெல்' என்று சீட்டில் எழுதினால் மட்டும் போதாது. எந்த ஊர்ப் படி என்பதும் தெரிந்தாக வேண்டும். நிறத்தின் கதையும் அத்தகையதே. எண்ணிடுவது விரைவில் கைவந்தது. படியை எல்லோரும் ஒப்புக்கொள்ளச் செய்வதற்கே நெடுங்காலம் பிடித்தது. அது யாருடைய படி என்னும் வழக்கோ இன்னும் முழுதும் தீர்ந்தபாடில்லை.

மூன்று என்னும் கணக்கு எங்கிருந்து வந்தது? மனிதக் கண்ணில் நிறத்தை உணரும் உறுப்புகள் மூவகைப்பட்டவையாக இருக்கலாம் என்று, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாமஸ் யங் என்னும் ஆங்கில அறிஞர் ஊகித்தார். அந்த ஊகத்தைப் படமாக்கிக் காட்டியவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். 1861-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் நாள், லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவர் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். ஸ்காட்லாந்துக் கட்டம்போட்ட நாடா ஒன்றைத் தாமஸ் சட்டன் என்பவர் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறநீர்களின் ஊடாகத் தனித்தனியே படம் எடுத்திருந்தார். எடுத்த தகடுகள் யாவும் வெறும் கறுப்பு வெள்ளை. அவற்றை அந்தந்த நிற ஒளியால் ஒரே திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக மாக்ஸ்வெல் வீழ்த்தியபோது, நாடா வண்ணத்தோடு தோன்றியது. நம் தொலைபேசித் திரை ஒவ்வொரு நொடியும் செய்வது ஏறத்தாழ இதே வேலைதான்.

இந்தக் கதைக்கு விந்தையான பின்னுரை ஒன்று உண்டு. 1861-இல் இருந்த நிழற்படத் தகடுகளுக்குச் சிவப்பு ஒளியை உணரும் ஆற்றல் இல்லை. அப்படியானால் சிவப்புத் தகட்டில் படம் விழுந்தது எவ்வாறு? சரியாக நூறு ஆண்டு கழித்து, 1961-இல், கோடக் நிறுவனத்தைச் சேர்ந்த ரால்ஃப் எவன்ஸ் இந்தப் புதிரை விடுவித்தார். சட்டன் பயன்படுத்திய சிவப்பு நீர் புற ஊதாக் கதிரையும் உள்ளே விட்டிருக்கின்றது. நாடாவின் சிவப்புச் சாயமும் புற ஊதாக் கதிரைத் திருப்பி அனுப்பியிருக்கின்றது. சிவப்பு என்று உலகம் கொண்டாடியது, கண்ணுக்கே தெரியாத வேறோர் ஒளியின் தடம். முதல் வண்ணப்படம் சரியாக அமைந்தது உண்மை; ஆனால், அது சரியான காரணத்தால் அமையவில்லை. கருவி காண்பதும் கண் காண்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

மாக்ஸ்வெல் காட்டிய வழியில் மிகத் தொலைவு சென்றவர் ருஷ்யரான செர்கேய் புரோக்குதின்-கோர்ஸ்கி. 1909 முதல் 1915 வரை அவர் ருஷ்யப் பேரரசின் பல பகுதிகளிலும் பயணம் செய்து, ஒவ்வொரு காட்சியையும் மூன்று நிறவடிப்பான்களின் வழியே அடுத்தடுத்து மும்முறை படமெடுத்தார். பூவேலை செய்த நீலப் பட்டங்கியோடு அமர்ந்திருக்கும் புகாரா அமீரின் படம் 1911-ஐச் சார்ந்தது. அவருடைய தகடுகளுக்கு நேர்ந்ததைப் பின்னர்ச் சொல்வேன்.

படம் எடுப்போர் இவ்வாறு முன்னேறிக் கொண்டிருக்க, அளவை இல்லாக் குறை அப்படியே இருந்தது. சாயத் தொழிலும் விளக்குத் தொழிலும் பெருகிய காலத்தில் இக்குறை பணத்தோடு தொடர்புடையதாயிற்று. ஆகவே தீர்வும் பிறந்தது. 1920-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் இருவர், ஒருவரையொருவர் சாராமல் ஒரே சோதனையைச் செய்தனர். ஒருவர் டேவிட் ரைட். மற்றவர் ஜான் கில்டு. ஒரு சிறு வட்டத்தின் ஒரு பாதியில் தூய ஒளி ஒன்று விழும். மறு பாதியில் சிவப்பு, பச்சை, நீல ஒளிகள் கலந்து விழும். பார்ப்பவர் திருகுகளைத் திருப்பித் திருப்பி, இரு பாதியும் ஒன்றே எனத் தோன்றும்வரை கலவையை மாற்ற வேண்டும். அந்த வட்டம் கண்ணுக்குத் தோன்றும் அளவு, கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் எவ்வளவு தோன்றுமோ அவ்வளவே. ரைட்டின் சோதனையில் 10 பேரும், கில்டின் சோதனையில் 7 பேரும் கலந்துகொண்டனர். இரண்டின் முடிவுகளும் வியக்கத்தக்க முறையில் ஒத்திருந்தன. அவற்றைக் கொண்டு, ஒளியூட்டம் பற்றிய பன்னாட்டு ஆணையம் 1931-இல் 'நியமக் காண்போன்' ஒருவனை வகுத்தது. அப்படி ஒரு மனிதன் எங்கும் இல்லை. அவன் ஓர் அட்டவணை. எனினும், இன்று உலகில் உள்ள திரைகளின் நிறங்கள் எல்லாம், பதினேழு பேர் பார்த்துப் பிறந்த அந்த அட்டவணையைக் கொண்டே குறிக்கப்படுகின்றன. அரசர் கையின் முழத்தை நாடு முழுவதற்கும் முழமாக்கிய பழங்கதையை இது நினைவூட்டுகின்றது. இதில் ஒரு நேர்மை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும்: அளந்த முறை வெளிப்படையானது, பிறர் மீண்டும் அளந்து பார்க்கலாம், பார்த்தும் இருக்கின்றனர்.

மற்றோர் அளவுகோல் அவ்வளவு வெளிப்படையாகப் பிறக்கவில்லை. அமெரிக்காவில் கோடக் நிறுவனம் வண்ணப் பிலிம் விற்றபோது, அதைக் கழுவித் தரும் கட்டணத்தையும் விலையோடு சேர்த்தே வாங்கி வந்தது. 1954-இல் அரசோடு ஏற்பட்ட உடன்படிக்கையால் அவ்வழக்கம் நின்றது. வெளியாரின் கழுவுகூடங்கள் பெருகின. அக்கூடங்களின் இயந்திரங்கள் நிறத்தைச் சரியாகப் பதிக்கின்றனவா என்று பார்க்க ஒப்பீட்டு அட்டை ஒன்று தேவைப்பட்டது. அந்த அட்டையில் இருந்தது வெண்ணிறத் தோலுடைய ஒரு பெண்ணின் உருவம். முதலில் படமான பெண்ணின் பெயரால் அதை 'ஷர்லி அட்டை' என்று தொழிலில் வழங்கினர். பெண்கள் மாறினர், பெயர் மாறவில்லை, தோலின் நிறமும் நெடுங்காலம் மாறவில்லை. அவள் முகம் நன்றாக வந்தால் இயந்திரம் சரி என்பது விதி. கரிய முகமும் வெளுத்த முகமும் ஒரே படத்தில் இருந்தால், வெளுத்த முகம் தெளிவாகவும், கரிய முகம் கண்ணும் பல்லும் மட்டும் தெரியும் நிழலாகவும் பதிந்தன. இக்குறையைத் திருத்தும்படி நிறுவனத்தை வற்புறுத்தியவர்களுள், சாக்லெட்டு விளம்பரங்களுக்கும் மர நாற்காலி விளம்பரங்களுக்கும் படம் எடுத்தோர் இருந்தனர் என்பது கனடா நாட்டு ஆய்வாளர் லோர்னா ராத் 2009-இல் வெளியிட்ட கட்டுரையால் தெரிகின்றது. மனிதர் முகத்திற்காகக் கேட்கப்படாத முறையீடு மரத்தின் நிறத்திற்காகக் கேட்கப்பட்டது! பல இனப் பெண்களையும் ஒருங்கே காட்டும் அட்டை 1990-களில்தான் வந்தது. மாநிறத்தாரும் கரிய நிறத்தாரும் மிகுந்த நம் நாட்டு மாணவர்கள் இந்த வரலாற்றை வெறும் அயல்நாட்டுச் செய்தியாகக் கேட்டுவிடலாகாது.

இனி, எண்களின் காலத்திற்கு வருவோம். 1975-ஆம் ஆண்டின் இறுதியில் கோடக்கின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் உருவாக்கிய எண்ணியல் காமிரா, 100-க்கு 100 புள்ளிகளில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்து, அதை ஒலிநாடாவில் பதிக்க 23 விநாடி எடுத்துக்கொண்டது. அதே நிறுவனத்தில் பிரைஸ் பேயர் என்பவர், ஒளியுணரியின் மேல் சதுரங்கப் பலகைபோல் நிறவடிப்பான்களைப் பதிக்கும் முறையைக் கண்டார். பாதிக் கட்டங்கள் பச்சை. கால் பங்கு சிவப்பு. கால் பங்கு நீலம். கண் பச்சையில் நுணுக்கத்தை மிகுதியாகக் காண்பதால் பச்சைக்கு இரட்டைப் பங்கு. இம்முறையில் ஒவ்வொரு கட்டமும் ஒரே நிறத்தைத்தான் அளக்கின்றது. மற்ற இரண்டையும் பக்கத்துக் கட்டங்களைப் பார்த்துக் கணக்கிட்டு நிரப்புகின்றார்கள். எனவே, காமிரா தரும் படத்திலுள்ள நிற எண்களில் மூன்றில் இரு பங்கு அளந்தவை அல்ல, கணித்தவை. 'திருத்தாத படம்' என்று பெருமை பேசுவோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

பேயருக்குக் காப்புரிமை வழங்கப்பட்ட நாள் 1976 ஜூலை 20. அதே நாளில் வைக்கிங் 1 என்னும் அமெரிக்க விண்கலம் செவ்வாய்க் கோளில் இறங்கியது. மறுநாள் அது அனுப்பிய முதல் வண்ணப்படத்தை, இங்கிருந்தோர் விரைவில் சமன்செய்து வெளியிட்டனர். அப்படத்தில் வானம் இளநீலமாக இருந்தது! பூமியைப் போன்ற நீலவானம் கண்டு மக்கள் மகிழ்ந்தனர். ஆனால், கலத்தின்மேல் அறியப்பட்ட நிறங்கள் கொண்ட சோதனை அட்டைகள் பொருத்தப்பட்டிருந்தன. அந்த அட்டைகள் எந்நிறத்தில் தோன்ற வேண்டுமோ அந்நிறத்திற்குப் படத்தைக் கொண்டு வந்து பார்த்தபோது, நீலம் மறைந்தது. புழுதி நிறைந்த காற்றின் மங்கலான இளஞ்செம்மை வெளிப்பட்டது. வானம் நீலமன்று என்று அறிவித்தபோது, கூடியிருந்த செய்தியாளர்கள் விளையாட்டாகக் கூச்சலிட்டு ஏமாற்றத்தைக் காட்டினார்களாம். கார்ல் சேகன் இதை எழுதியிருக்கின்றார். வானம் நீலமாக இருக்கும் என்னும் எதிர்பார்ப்பு கணிப்பொறியின் முன் அமர்ந்தவருக்கும் உண்டு. செய்தி கேட்க வந்தவருக்கும் உண்டு. எதிர்பார்ப்பு இல்லாதிருந்தது, விரலளவுப் பட்டைகள் தீட்டிய அந்த அட்டை ஒன்றுக்குத்தான்.

அடுத்து வந்த மாற்றம் திருத்தும் கருவி பொதுமக்கள் கைக்கு வந்தது. மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் நோல், 1987-இல் கறுப்பு வெள்ளைத் திரையில் சாம்பல் நிறங்களைக் காட்டுவதற்கென ஒரு சிறு செயல்நிரலை எழுதினார். திரைப்படத் தந்திரக்காட்சித் துறையிலிருந்த தம்பி ஜான் நோலும் அதில் சேர்ந்துகொண்டார். அது வளர்ந்து, 1990 பிப்ரவரியில் அடோபி நிறுவனத்தின் 'போட்டோஷாப்' ஆக வெளிவந்தது. அதுவரை இருட்டறையில் கைப்பழக்கமுள்ள சிலர் செய்த வேலையை இனி எவரும் செய்யலாம் என்றாயிற்று.

செய்யலாம் என்றான பின் நடந்தது என்ன? 1994 ஜூன் 27 தேதியிட்ட 'டைம்', 'நியூஸ்வீக்' இதழ்கள் இரண்டும் ஒரே படத்தை அட்டையில் தாங்கி வந்தன. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட விளையாட்டு வீரர் ஓ. ஜே. சிம்ப்ஸனைக் காவல் துறையினர் எடுத்த படம் அது. 'நியூஸ்வீக்' அதை உள்ளவாறே இட்டது. 'டைம்' இதழின் ஓவியரோ படத்தை இருட்டாக்கி, அந்தக் கறுப்பினத்தவரின் முகத்தை மேலும் கறுப்பாக்கியிருந்தார். கடைத்தட்டில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தமையால் மறைக்க வழியில்லை. கண்டனம் எழுந்தது, அடுத்த வாரம் ஆசிரியர் விளக்கம் கூறி வருத்தம் தெரிவித்தார். தலையை ஒட்டவில்லை, உடலை மாற்றவில்லை, வெறும் ஒளிநிலையை இறக்கியதே நடந்தது. ஆயினும், வழக்கு மன்றம் தீர்ப்புச் சொல்லுமுன் படம் ஒரு தீர்ப்பைச் சொல்லிவிட்டது. நிறத்திருத்தம் என்பது அழகு பற்றிய சிறு வேலை என்று கருதுவோருக்கு இந்த ஒரு நிகழ்ச்சியே போதிய விடை.

உள்நோக்கம் எதுவும் இல்லாதபோதும் நிறம் பிறழ்ந்துகொண்டுதான் இருந்தது. மாக்கின்டாஷ் கணிப்பொறியில் செம்மையாகத் தோன்றிய படம், மற்றக் கணிப்பொறிகளில் இருண்டு தோன்றியது. இரண்டிலும் ஒளியை ஏற்றி இறக்கும் விதி வேறு. இந்த வேறுபாடு 2009 வரை நீடித்தது. இக்குழப்பத்தைத் தீர்க்க 1993-இல் ஆப்பிள், அடோபி, கோடக் முதலிய எட்டு நிறுவனங்கள் கூடிப் பன்னாட்டு நிறக் கூட்டமைப்பை நிறுவின. ஒவ்வொரு படத்தோடும் 'நிறவிவரம்' என்னும் சிறு குறிப்பை இணைத்து அனுப்புவது அவர்கள் கண்ட வழி. 'இந்த எண்கள் இந்தப் படியால் அளக்கப்பட்டவை' என்று அக்குறிப்பு சொல்லும்.

குறிப்பே இல்லாமல் வரும் படங்களை என்ன செய்வது? அதற்கு 1996-இல் ஹியூலெட்-பாக்கார்டு, மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் ஒரு பொதுப் படியை முன்மொழிந்தனர். எஸ்.ஆர்.ஜி.பி. என்று அதற்குப் பெயர். 1999-இல் அது பன்னாட்டு நியமமாகவும் ஆயிற்று. அன்று மேசைகளில் இருந்த கண்ணாடிக் குழாய்த் திரைகள் இயல்பாக எந்நிறங்களைக் காட்டினவோ, அவற்றையே அடிப்படையாகக் கொண்டனர். பழைய திரைகளையும் பழைய படங்களையும் மாற்றாமலே ஏற்கத்தக்கதாய் இருந்தமையால் அது விரைவில் பரவியது. குழாய்த் திரைகள் இன்று மேசைகளிலிருந்து மறைந்துவிட்டன. அவற்றின் எல்லைகள் மட்டும் மறையவில்லை. செறிந்த நீலப்பச்சை நிறங்கள் பல அந்தப் படிக்குள் அடங்கா. நேரில் கண்ணைக் கவரும் மயில்கழுத்துப் பட்டு, படத்தில் சோர்ந்து தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

அதைவிடப் பெரிய படிகளும் உண்டு. 1998-இல் அடோபி வெளியிட்ட படி ஒன்று பச்சையையும் நீலப்பச்சையையும் மிகுதியாகக் கொள்வது. 2015-க்குப் பின் ஆப்பிள் நிறுவனத்தின் திரைகளில் புகுந்த 'டிஸ்ப்ளே பி3' மற்றொன்று. பெரிய படி நல்லதுதானே என்று தோன்றும். இடர்ப்பாடு அங்கேதான் பிறக்கின்றது. அடோபிப் படியில் அளந்த எண்களைக் குறிப்பு இல்லாமல் இணையத்தில் ஏற்றினால், பார்க்கும் கருவி அவற்றைச் சிறிய படி என்றே கொள்ளும், படம் வெளிறிவிடும். விரிந்த நிறம் காட்டும் திரையில் சிறிய படியின் எண்களை அப்படியே ஊற்றினால், முகங்கள் சிவந்து புல் நச்சுப் பச்சையாகும். பல இணைய நிலையங்கள் கோப்பின் எடையைக் குறைப்பதற்காகக் குறிப்பை அகற்றிவிடுவதும் உண்டு. ஆகவே, மூலப்படத்தைப் பெரிய படியிலேயே வைத்துக்கொண்டு, இணையத்திற்கு அனுப்பும் நகலை மட்டும் எஸ்.ஆர்.ஜி.பி.-க்கு மாற்றி, குறிப்பையும் சேர்த்து அனுப்புவது தொழில் அறிந்தோர் கைக்கொள்ளும் முறை. இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். மாற்றுவது வேறு, பெயர் சூட்டுவது வேறு. நெல்லை வேறு படியால் மறுபடி அளந்து புது எண் எழுதுவது மாற்றம். பழைய எண்ணை வைத்துக்கொண்டு படியின் பெயரை மட்டும் அழித்தெழுதுவது பெயர்சூட்டல். திருத்தும் செயல்நிரல்களில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டளைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. புதியவர்கள் தடுமாறும் இடம் இது. திருத்துவோர் தம் திரையையும் அளவுக்கருவியால் சரிபார்த்திருக்க வேண்டும். படமெடுக்கும்போதே முதல் படத்தில் ஒரு சாம்பல் அட்டையை வைத்து எடுத்துக்கொள்வதும் நன்று. செவ்வாயில் உதவிய அதே உத்தி புடவைக் கடையிலும் உதவும்.

கருவிகள் யாவும் ஒத்துப்போனாலும் கண்கள் ஒத்துப்போகுமா? 2015 பிப்ரவரியில் ஓர் ஆடையின் படம் உலகையே இரு கட்சியாக்கியது. ஆடையின் உண்மை நிறம் நீலமும் கறுப்பும். ஒரே திரையின் முன் நின்ற இருவரில் ஒருவர் அவ்வாறே கண்டார். மற்றவர் வெள்ளையும் பொன்னிறமும் கண்டார். ஆடைமேல் விழுந்த ஒளி எத்தகையது என்று படம் தெளிவாகக் காட்டாமையால், அவரவர் மூளையே ஓர் ஒளியைக் கற்பித்துக்கொண்டு அதைக் கழித்துப் பார்த்தது என்பது அறிஞர்கள் தரும் விளக்கம். இன்றைய கைத்தொலைபேசியும் இப்படித்தான்: படம் எடுத்த நொடியிலேயே ஒளியை ஊகித்து, முகத்தைத் தேடி, நிறத்தைத் திருத்திவிடுகின்றது. ஷர்லி அட்டை இருந்த இடத்தில் இப்போது செயல்நிரல் இருக்கின்றது. அச்செயல்நிரல்களைச் சோதிப்பதற்காக, ஹார்வர்டு சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் வகுத்த பத்துப் படித் தோல்நிற அளவுகோலைக் கூகுள் நிறுவனம் 2022-இல் வெளியிட்டது.

புரோக்குதின்-கோர்ஸ்கியின் தகடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியது எஞ்சியிருக்கின்றது. அவர் நாட்டைவிட்டு வெளியேறி 1944-இல் பாரிஸில் மறைந்தார். எஞ்சிய 1,902 தகடுகளை 1948-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அவர் குடும்பத்தாரிடமிருந்து வாங்கியது. 2000-இல் அவை கணிப்பொறியில் ஏற்றப்பட்டன. 2001-இல் நடந்த கண்காட்சிக்காக வால்டர் ஃபிராங்க்ஹவுஸர் என்னும் நிழற்படக்காரர் 122 படங்களை ஒவ்வொன்றாக எடுத்து, தகட்டிலுள்ள மூன்று பதிவுகளையும் பொருத்தி, ஒளியையும் நிறத்தையும் தம் கண்ணால் பார்த்துச் சமன்செய்தார். 2004-இல் தகடுகள் அனைத்தையும் செயல்நிரல் ஒன்றே தானாகப் பொருத்தித் தந்தது. நூலகம் இரண்டையும் வைத்திருக்கின்றது. அவற்றோடு, எவர் கையும் படாத சாம்பல் நிறத் தகடுகளின் படிகளையும் இணையத்தில் திறந்து வைத்திருக்கின்றது. விரும்பும் மாணவர் எவரும் அவற்றை இறக்கிக்கொண்டு, அமீரின் நீலப் பட்டங்கியைத் தாமே நெய்து பார்க்கலாம்.